வாயில் நின்ற தீர்த்தம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகவே தடுமாறிக்கொண்டிருந்தேன். எழுத உட்காருவேன், எழுந்து போய்விடுவேன். பயம் இரண்டு பக்கமும் இருந்தது. சாமி காரியத்தைக் கேலிக்குக் கொடுத்துவிட்டான் என்று கோயில் ஆட்கள் நினைப்பார்களோ என்று ஒரு பயம். ஆஸ்பத்திரி வைத்தியத்தைக் குறைத்துப் பேசுகிறான் என்று படித்தவர்கள் நினைப்பார்களோ என்று இன்னொரு பயம். அதைவிட, நடந்ததே எனக்கு இன்னும் சரியாக விளங்கவில்லை. தனக்கே விளங்காததை ஒருவன் எப்படி எழுதுவது? நான் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரை தமிழ் படித்தவன். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் கோயில் நோட்டீசும் பேப்பரும்தான். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவிக்கு மார்பில் கட்டி வந்தது. ஈப்போ ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். அதற்குப் பிறகு கீமோ. மூன்று வாரத்துக்கு ஒருமுறை போய், சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, கையில் மருந்து ஏற்றிக்கொண்டு வர வேண்டும். முதல் தடவை முடி கொட்டியது. அதற்கு நாங்கள் தயாராக இருந்தோம், எல்லாரும் சொல்லியிருந்தார்கள். இரண்டாவது தடவைக்குப் பிறகு வந்ததை யாரும் அழுத்திச் சொல்லவில்லை, அல்லது சொன்னது எங்கள் காதில் ஏறவில்லை. வாய் முழுக்கப் புண்.

முதலில் நாக்கின் ஓரம் சிவந்தது. பிறகு உதட்டின் உள்பக்கம், கன்னத்தின் உள்பக்கம், தொண்டை வரைக்கும். வெந்நீர் கொட்டிய தோல் மாதிரி வெள்ளை வெள்ளையாகத் திட்டு. சோறு அவளுக்குச் சரளைக்கல் மாதிரி இருந்தது. தண்ணீர் குடித்தால் மிளகாய் அரைத்த அம்மியை நக்கியது மாதிரி இருக்கிறது என்றாள். அதுதான் அவள் கடைசியாகச் சொன்ன நீளமான பேச்சு. காலையில் எழுந்ததிலிருந்து பேசிக்கொண்டே வேலை செய்கிறவள் அவள். அடுப்போடு பேசுவாள், மழையோடு பேசுவாள், டீவியில் செய்தி வாசிக்கிறவருக்குப் பதில் சொல்வாள். அவள் வாய் நின்றதும் வீடே நின்றுபோன மாதிரி ஆகிவிட்டது. ஏதாவது வேண்டுமென்றால் கரண்டியால் டம்ளரைத் தட்டுவாள். நான் ஓடிப் போய், "கஞ்சியா? ஃபேனா? ஜன்னலா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். அவள் கையை விரித்து, இவனோடு எப்படித்தான் இத்தனை காலம் குடும்பம் நடத்தினேன் என்கிற மாதிரி பார்ப்பாள்.

ஆஸ்பத்திரியில் மிஸ்ஸியிடம் காட்டினோம். தாதியை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். இந்த மிஸ்ஸி மலாய்க்காரப் பெண், எங்கள் மகள் வயது இருக்கும். டார்ச் அடித்து வாயைப் பார்த்துவிட்டு, எனக்கும் புரிகிற மாதிரி மெதுவாகச் சொன்னார். கொதித்து ஆறிய தண்ணீரில் கொஞ்சம் உப்பு, கொஞ்சம் ஆப்பச்சோடா கலக்க வேண்டும். அதை வாயில் வைத்து, மெதுவாக எல்லாப் பக்கமும் போக விட்டு, பிறகு துப்ப வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னால், சாப்பாட்டுக்குப் பின்னால், படுக்கப் போகும்போது. கடையில் விற்கிற எரிகிற மவுத்வாஷ் வேண்டாம். பல் துலக்கக் குழந்தைப் பிரஷ். சாப்பிடுவதற்கு முன்னால் தடவ, வாய் மரத்துப் போகிற ஒரு களிம்பும் கொடுத்தார். பச்சைத் தண்ணீர் எதற்கும் கூடாது. உடம்பு சுட்டால் காத்திருக்காமல் உடனே வந்துவிட வேண்டும், ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கிற நேரம் இது என்றார்.

டாக்டர் இன்னொன்று சொன்னார். புண் ஆறவில்லை என்றாலும், சாப்பிடாமல் இப்படியே மெலிந்துகொண்டு போனாலும், அடுத்த மருந்தைத் தள்ளி வைக்க வேண்டியிருக்கும். தள்ளி வைப்பது நல்லதில்லை.

வீட்டுக்கு வந்து நான் மிஸ்ஸி சொன்ன மாதிரியே கலக்கிக் கொடுத்தேன். அவள் வாயில் ஊற்றிய வேகத்தில் துப்பிவிட்டாள். கண்ணில் நீர் கொட்டியது. அடுத்த வேளை டம்ளரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். களிம்பைத் தடவினாள், இரண்டு வாய் கஞ்சி குடித்தாள், அவ்வளவுதான். உப்புத் தண்ணீரை மட்டும் கிட்டே கொண்டுவர விடவில்லை. மறுநாள் சாயங்காலம் என் கையைப் பிடித்து இழுத்து, உதடு அசையாமல், தொண்டையிலிருந்து சொன்னாள்.

"அடுத்த ஊசி வேணாங்க. இதோட போதும்."

சரி என்று தலையாட்டினால் நானே அவளை அனுப்பி வைக்கிற மாதிரி. நிறுத்த வேண்டாம் என்று சொல்ல, அந்த வாய் என் வாய் இல்லையே.

பாகான் செராயிலிருந்து என் அக்கா வந்தார். பெட்டியைக் கீழே வைக்குமுன்னே என் மனைவியின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

"இது சூடு தம்பி. மருந்து சூடு. உள்ள எரிஞ்சி வெளிய வருது. ஒடம்பக் குளிர வைக்கணும்."

"மிஸ்ஸி உப்புத் தண்ணி குடுக்கச் சொல்லியிருக்கு க்கா."

"உப்பு குளிர்ச்சியா? புண்ணுல உப்பப் போடுற வைத்தியம் எந்த ஊரு வைத்தியம்லா?"

அக்கா மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பாலில் வேக வைத்துக் கொடுத்தார். அது ஓரளவு இறங்கியது, பொய் சொல்லக்கூடாது. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஹீட்டி லா, பார்லி கொடு, ஐஸ் போடாதே" என்று ஒரு பாட்டில் பார்லித் தண்ணீர் கொடுத்தார். தஞ்சோங் மாலிமில் வேலை செய்கிற எங்கள் மகள் போனில், "அப்பா, ஐஸ் கட்டி வாயில வெச்சுக்கிட்டா நல்லதாம், குடுத்துப் பாருங்க" என்றாள். அக்கா பக்கத்திலிருந்து, "ஐஸ் குடுத்தா சளி கட்டி நெஞ்சுக்குள்ள எறங்கிரும்னு சொல்லு" என்றார். "அத்தை சொல்றத கேக்காதீங்கப்பா, மிஸ்ஸி சொன்னத மட்டும் செய்ங்க" என்றாள் மகள். ஸ்பீக்கரில் இருந்ததை நான் மறந்துவிட்டேன். அன்று இரவுச் சாப்பாட்டில் அக்கா என்னிடம் பேசவில்லை.

சூடு, குளிர்ச்சி, உப்பு, ஐஸ், பார்லி. எல்லாரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள். எல்லார் சொன்னதும் கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது. அடுப்படியில் தனியாக நின்று யோசித்தால் ஒன்றோடொன்று சேரவில்லை.

இதற்கு நடுவில் என் மனைவி ஒன்று கேட்டாள். கேட்டாள் என்றால் கையால்தான். உள்ளங்கையைக் குழித்து வாய்க்குக் கொண்டுபோய், பிறகு தலையில் தடவிக் காட்டினாள். தீர்த்தம் வேண்டும்.

நான் பிறந்த தோட்டத்தில் இப்போது ரப்பர் இல்லை. பாதி எண்ணெய் எடுக்கிற செம்பனை, பாதி தாமான் என்று சொல்கிற குடியிருப்பு வீடுகள். எங்கள் அம்மன் கோயில் மட்டும் செம்பனை ஓரத்தில் இருக்கிறது. என் மனைவி கல்யாணமாகி வந்ததிலிருந்து நல்லது கெட்டது எதற்கும் அந்தத் தீர்த்தம் ஒரு வாய் குடிக்காமல் வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டாள். மகள் பிறக்கப் போகும்போது அப்படித்தான். அறுவைக்குப் போகும்போதும் அப்படித்தான். முதல் ஊசிக்குக் குடித்துவிட்டுப் போனாள். இரண்டாவதற்குக் கூட்டத்தில் போகக்கூடாது, பச்சைத் தண்ணீர் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்ததால் குடிக்காமல் போனாள். அதற்குப் பிறகுதான் வாய் இப்படி ஆனது. அவள் மனதில் அந்தக் கணக்கு உட்கார்ந்துவிட்டது. தீர்த்தம் வந்தால் அடுத்த ஊசியைப் பற்றி யோசிப்பேன், இல்லாவிட்டால் இல்லை என்று சைகையிலேயே முடித்துவிட்டாள்.

ரத்தச் சோதனைக்குப் போன அன்று கூச்சத்தை விட்டு மிஸ்ஸியிடம் கேட்டேன். கோயில் தண்ணீர், மஞ்சளும் வேப்பிலையும் போட்டது, கோயில் கிணற்றில் இறைத்தது, கொடுக்கலாமா என்று. மிஸ்ஸி சிரிக்கவில்லை. "எங்க ஆளுங்களும் ஓதின தண்ணி கொண்டு வருவாங்க அங்கிள். நான் எல்லாருக்கும் ஒன்னுதான் சொல்வேன். மாசாக் டுலு" என்றார். முதலில் கொதிக்க வை என்று அர்த்தம்.

அது எனக்குச் சுலபமாகப் பட்டது. வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன்.

"அம்மன் தீர்த்தத்த அடுப்புல ஏத்தப் போறியா?"

"கொதிக்க வெச்சு ஆற வெச்சுக் குடுக்கலாம்னுதான் க்கா."

"தம்பி, அம்மன் தண்ணி எதுக்குக் குடுக்கிறாங்க? குளுத்திக்கு. அவளே சூடு தாங்காம மஞ்சத் தண்ணியில நிக்கிறா. அந்தத் தண்ணிய நீ கொதிக்க வெச்சா அதுல என்ன குளுத்தி இருக்கும்? சூடேத்தின அம்மன ஏற்கனவே வெந்துபோன வாயில ஊத்துவியா?"

யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. கொதிக்காவிட்டால் கிருமி, கொதித்தால் சூடு. எந்தப் பானையில் கொதிக்க வைப்பது என்று வேறு ஒரு சந்தேகம் வந்தது. எங்கள் வீட்டில் மீன் காய்ச்சாத பானை ஒன்றும் கிடையாது.

நேராகக் கோயிலுக்குப் போய்ப் பூசாரியைக் கேட்டேன். பூசாரி எங்கள் தோட்டத்துப் பிள்ளைதான், என்னைவிடச் சின்னவர். காலையிலும் மத்தியானமும் பள்ளி வேன் ஓட்டுவார், மற்ற நேரம் கோயில். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் மணியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தீர்த்தத்தக் கொதிக்க வைக்கலாமான்னு இதுவரைக்கும் யாரும் என்கிட்ட கேட்டதில்லண்ணே."

"கேட்டுட்டேன்ல. சொல்லுங்க."

"வைக்கக் கூடாதுன்னும் எங்கயும் சொல்லல. வைக்கலாம்னும் சொல்லல." இன்னும் கொஞ்சம் துடைத்தார். "ஒன்னு பண்ணுங்க. தீர்த்தத்தக் கொதிக்க வைக்க வேணாம். கொதிச்ச தண்ணியத் தீர்த்தமாக்கிடலாம். நீங்க வீட்டுல நல்லாக் கொதிக்க வெச்சு, ஆற வெச்சு, மூடி போட்டுக் கொண்டாங்க. நான் உள்ள கையும் விட மாட்டேன், மஞ்சளும் போட மாட்டேன். அம்மன் காலடியில வெச்சுக் கற்பூரம் காட்டித் தரேன். அக்காவுக்கும் சரி, மிஸ்ஸிக்கும் சரி."

எனக்கு மனசு லேசாகிவிட்டது. வருகிற வழியில் புதிதாக ஒரு எவர்சில்வர் பானை வாங்கி வந்தேன்.

மறுநாள் காலையில் பானை நிறையத் தண்ணீர் கொதிக்க வைத்தேன். ஆறியதும் மகள் வாங்கிக் கொடுத்த இரண்டு ஸ்டீல் பாட்டிலிலும் ஊற்றி மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். இரண்டும் ஒரே மாதிரி பாட்டில். நான் குளித்த நேரத்தில் அக்கா, ஆயிரம் பேசினாலும், மகள் சொன்னது உறுத்தியதோ என்னவோ, மிஸ்ஸி சொன்ன அளவுக்கு உப்பும் ஆப்பச்சோடாவும் ஒரு பாட்டிலில் போட்டுக் குலுக்கி வைத்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. நான் விபூதி பூசிக்கொண்டு வந்து ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

பூசாரி சொன்னபடியே செய்தார். மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்து, கற்பூரம் காட்டி, என் மனைவி பெயருக்கு அர்ச்சனை செய்து, மூடிக் கொடுத்தார். நான் பாட்டிலை நெஞ்சோடு அணைத்தபடி ஒரு கையால் மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு வந்தேன். சட்டப்படி அது தப்புதான்.

வீட்டில் என் மனைவி முகம் கழுவி, புதுத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தாள். கழுவிக் காய வைத்த டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு பெரிய வாயாக வாங்கினாள்.

அவள் முகம் மாறிவிட்டது. கண் அகலமாகத் திறந்துகொண்டது. கன்னம் உப்பியிருக்கிறது, விழுங்கவில்லை. டம்ளரைக் காட்டினாள், வாயைக் காட்டினாள், என்னைக் காட்டினாள்.

"என்ன, காந்துதா?" என்றேன்.

அது இல்லை என்று தலையை ஆட்டினாள். நான் டம்ளரில் மீதியை நக்கிப் பார்த்தேன். உப்பு. கூடவே அந்தச் சோடாவின் சவர்க்கார ருசி. மேசையைத் திரும்பிப் பார்த்தேன், இன்னொரு பாட்டில் அங்கேயே இருந்தது.

"க்கா, இதுல எதாச்சும் போட்டீங்களா?"

அக்கா அடுப்படியிலிருந்து வந்து பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதயா கோயிலுக்குக் கொண்டு போன?"

என் மனைவி தொட்டியை நோக்கி எழுந்தாள். அக்கா குறுக்கே நின்றுகொண்டார்.

"துப்பிராத. தீர்த்தம்."

"மிஸ்ஸி துப்பணும்னு சொல்லிச்சு க்கா."

"மிஸ்ஸி சொன்னது உப்புத் தண்ணிய."

"இதுவும் உப்புத் தண்ணிதான்."

"அம்மன் காலடியில வெச்சிட்டு வந்திட்ட. இனிமே அது எப்படி வெறும் உப்புத் தண்ணி ஆகும்?"

"அப்ப முழுங்கட்டுமா?"

"கொப்பளிக்கிற மருந்த முழுங்கலாமா? எனக்கென்ன தெரியும். நீதான் ஆஸ்பத்திரிக்குப் போறவன்."

என் மனைவி நடுவில் நின்றுகொண்டு, வாய் நிறையத் தண்ணீரோடு, எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளால் கேட்கவும் முடியாது, திட்டவும் முடியாது. நான் பூசாரிக்குப் போன் அடித்தேன். பின்னால் பிள்ளைகள் கத்துகிற சத்தம் கேட்டது.

"அண்ணே, வேன ஓரமா நிறுத்திட்டுப் பேசுறேன், சீக்கிரம் சொல்லுங்க."

சொன்னேன். ஒரு பிள்ளை, "அங்கிள், அவன் என் பேக்க எடுத்துட்டான்" என்று அழுதது.

"துப்பலாமா பூசாரி?"

"தீர்த்தத்த யாராச்சும் துப்புவாங்களாண்ணே."

"அப்ப முழுங்கட்டுமா?"

"அத மிஸ்ஸிகிட்டல்ல கேக்கணும்." பிள்ளைகளை ஒரு அதட்டு அதட்டினார். "அண்ணே, அம்மனுக்கு அபிஷேகம் பண்ற தண்ணி எங்க போவுது? பின்னால வாழைக்குத்தானே போவுது. யாரும் அதத் துப்புனதுன்னு சொல்றதில்லயே. வீட்டுப் பின்னால கால் படாத எடமாப் பாத்து, செடி அடியில விடச் சொல்லுங்க. கும்பிட்டுட்டு விடட்டும். நான் வரேண்ணே, மணி அடிச்சிருவாங்க."

என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். தானே பின்வாசலைத் திறந்துகொண்டு போனாள். வேலி ஓரத்தில் ஒரு மிளகாய்ச் செடி இருந்தது, அந்தப் பக்கம் யாரும் மிதிப்பதில்லை. அதன் முன்னால் குனிந்து, இரண்டு கையையும் கும்பிட்டு, மெதுவாக வாயைத் திறந்து விட்டாள். அது வரைக்கும் அவள் வாயில் அது எவ்வளவு நேரம் நின்றது என்று எனக்குத் தெரியாது. அதற்கு முன்னால் கொடுத்த எந்த உப்புத் தண்ணீரும் அவள் வாயில் மூச்சு விடும் நேரம்கூட நின்றதில்லை.

உள்ளே வந்து டம்ளரை நீட்டினாள். இன்னொரு வாய் கேட்டாள். பாட்டிலில் மீதி இருக்கிறதே, தீர்த்தத்தை வீணாக்கக் கூடாது அல்லவா? கஞ்சிக்கு முன்னால் ஒரு வாய், கஞ்சிக்குப் பின்னால் ஒரு வாய், படுக்கப் போகும்போது ஒரு வாய். ஒவ்வொன்றையும் கண்ணை மூடிக்கொண்டு, உள்ளுக்குள்ளே ஏதோ சொல்லி முடிக்கிற வரைக்கும் வைத்திருப்பாள். பிறகு எழுந்து செடிக்குப் போவாள். கண்ணில் நீர் வந்தது, முகத்தைத் திருப்பவில்லை.

பாட்டில் தீர்ந்ததும் எனக்கு அடுத்த குழப்பம். தெரியாமல் நடந்தது ஒன்று. இனித் தெரிந்தே உப்பையும் சோடாவையும் போட்டு அம்மன் முன்னால் கொண்டுபோய் வைக்கலாமா? பூசாரியிடம் போய் நின்றேன். மிஸ்ஸி கொடுத்த மருந்தைச் சாமி என்று சொல்லி என் மனைவியை ஏமாற்றுகிறேனா என்றும் கேட்டேன்.

"ஏமாத்துறதா? அவங்களுக்குத்தான் உப்பு இருக்குன்னு தெரியுமே" என்றார். பிறகு கோயில் வாசல் பக்கம் கையைக் காட்டினார். "அண்ணே, அம்மை, கொப்புளம்னு வந்தா நம்ம ஆளுங்க என்ன கொண்டாந்து இங்க கொட்டுறாங்க? உப்பும் மெளகும்தானே? அவளுக்கு உப்பு புதுசில்ல. சோடா மாவுதான் புதுசு. அதயும் பாத்துக்குவா."

அதற்குப் பிறகு தினமும் காலையில், அவர் வேனை எடுக்குமுன், பாட்டிலைக் கொண்டுபோய் வைத்து எடுத்து வந்தேன். அக்கா கீரையை விடவில்லை. சீன ஆன்ட்டி பார்லியை விடவில்லை. களிம்பும் நடந்தது. இதற்கிடையில் அந்த மிளகாய்ச் செடி பட்டுப்போனது. நோய் செடிக்கு இறங்கிவிட்டது என்றார் அக்கா. உப்புத் தண்ணீர் ஊற்றினால் எந்தச் செடி பிழைக்கும் என்று எனக்குத் தோன்றியது. என் மனைவி பக்கத்துச் செடிக்கு மாறிக்கொண்டாள்.

புண் ஒரே நாளில் மறையவில்லை. முதலில் வெள்ளைத் திட்டு ஓரத்தில் சுருங்கியது. பிறகு கஞ்சியில் இடியாப்பத்தைக் கரைத்துக் குடித்தாள். பிறகு ஒரு நாள் காலையில் அடுப்படியில் நான் நின்றுகொண்டிருக்கும்போது பின்னாலிருந்து குரல் கேட்டது.

"புதுப் பானையக் கம்பி போட்டா தேய்ப்பாங்க? கீறி வெச்சிருக்கீங்க பாருங்க."

திரும்பிப் பார்த்தேன். உதடு அசைந்து, வாய் திறந்து, முழு வார்த்தையாகப் பேசியிருக்கிறாள். நான் கீறின பானையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அக்கா மறுபக்கம் திரும்பி முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் என் மனைவி தானாகவே, "ஊசி எப்பங்க?" என்று கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி டார்ச் அடித்துப் பார்த்து, "பாகுஸ், ஆன்ட்டி" என்றார், நன்றாக இருக்கிறது என்று. நான் நடந்ததை முழுக்கச் சொன்னேன். இந்தத் தடவை மிஸ்ஸி சிரித்தார். கொஞ்சம் விழுங்கியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது அங்கிள் என்றார். எதனால் ஆறியது என்று கேட்டேன். ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி திரும்ப ஏறும் நேரத்தில் பொதுவாக இந்தப் புண் தானாகவே ஆறத் தொடங்கும், கொப்பளித்ததால் வாய் சுத்தமாக இருந்து புண்ணில் வேறு கிருமி சேரவில்லை, சாப்பிட்டதால் உடம்புக்குத் தெம்பு வந்தது என்றார். "அப்ப சாமி?" என்று கேட்டேன். "ஆன்ட்டி வாயில அவ்வளவு நேரம் தண்ணிய நிக்க வெச்சது நான் இல்லையே" என்றார். அது பதிலா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த மருந்து குறித்த நாளிலேயே ஏறியது. ஏறும்போது வாயில் ஐஸ் கட்டி வைத்துக்கொள்ளச் சொன்னார் மிஸ்ஸி. இவளுக்கு ஏறுகிற மருந்துக்கு அது நல்லதாம், எல்லா மருந்துக்கும் அப்படி இல்லையாம். அக்காவுக்கு அதை நாங்கள் சொல்லவில்லை. புண் மறுபடியும் வந்தது, ஆனால் கொஞ்சம்தான். கடைசி ஊசி வரைக்கும் அவள் போனாள். இன்று சாப்பிடுகிறாள், பேசுகிறாள், இதை எழுதும்போதுகூட அடுத்த அறையில் டீவிக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். அம்மன் புண்ணியம்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியே இருக்க மாட்டேன்.

அக்கா பார்த்ததைச் சொந்தக்காரர்களிடம் சொன்னார். நல்ல மனதோடுதான். சொல்லச் சொல்ல அது போனில் மெசேஜ் ஆகிப் போயிருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் ஒரு ஆள் கிணற்றில் இறைத்த தண்ணீரைப் பெரிய பாட்டிலில் பிடித்துக்கொண்டிருந்தார். பத்து காஜா என்கிற ஊரிலிருந்து வந்ததாகச் சொன்னார். அவர் அம்மாவுக்குக் கீமோ, வாயெல்லாம் புண்.

"இந்தத் தீர்த்தம் குடிச்சி ஒரு அம்மாவுக்கு ஒரே நாள்ல ஆறிருச்சாமேண்ணே."

"அம்மாவுக்கு ஒடம்பு சுடுதா?" என்று கேட்டேன்.

"லேசா. ரெண்டு நாளா. இதக் குடுத்துப் பாத்துட்டு அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு."

நான் அவர் கையிலிருந்து பாட்டிலை வாங்கிக்கொண்டேன். அப்படிச் செய்யலாமா என்று யோசிக்கவில்லை. "இப்பவே கூட்டிட்டுப் போங்க. சாமி கும்பிடுறத வண்டியில வெச்சுக் கும்பிடுங்க" என்றேன். பூசாரியும் வந்து சொன்னார். அந்த ஆள் எங்கள் இரண்டு பேரையும் ஒரு மாதிரி பார்த்தார். கோயிலிலேயே தீர்த்தம் வேண்டாம் என்கிறார்களே என்று நினைத்திருப்பார். போய்விட்டார். அந்த அம்மா எப்படி இருக்கிறார் என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. அவர் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.

அக்கா மனது நோகும் என்று அப்போதும் எழுதாமல் இருந்தேன். போன மாதம் அதே கதை என் போனுக்கே வந்தது. யாரோ தெரியாதவர் அனுப்பியது. அதில் என் மனைவி தைப்பிங்கில் இருக்கிறாள். அவளுக்கு நாக்கில் புற்றுநோய். டாக்டர்கள் கைவிட்டுவிட்டார்கள். தீர்த்தம் குடித்த அன்றே எல்லாம் மறைந்துவிட்டது. கொதித்த தண்ணீர் இல்லை, உப்பு இல்லை, சோடா இல்லை, மிஸ்ஸி இல்லை, கீரைகூட இல்லை. என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன்.

"நான் அழுததயும் காணோமே" என்றாள். பிறகு, "நீங்க எழுதுங்க. அண்ணிகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள்.

அதனால் எழுதிவிட்டேன். இதைப் படிக்கிறவர்கள் யாருக்காவது சொல்வதென்றால், அனுப்புவதென்றால், தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் உள்ளபடியே அனுப்புங்கள். பூசாரி கற்பூரம் காட்டினார் என்று சொல்கிறபோது தண்ணீர் கொதித்து ஆறியது என்பதையும் சொல்லுங்கள். அதில் உப்பும் ஆப்பச்சோடாவும் இருந்ததைச் சொல்லுங்கள். அதை மிஸ்ஸி சொல்லித்தான் கலந்தது என்பதையும், உடம்பு சுட்டால் எதற்கும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதையும் விட்டுவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் நடந்ததை மட்டும் வைத்துக்கொண்டு அம்மனை எடுத்துவிடவும் வேண்டாம், அதுவும் நடந்ததுதான். கடைசியில் எது ஆற்றியது என்று யாராவது கேட்டால், எழுதின ஆளுக்கே தெரியவில்லையாம் என்று சொல்லுங்கள். படிக்க நன்றாக இல்லை என்று அந்த ஒரு வரியை மட்டும் யாரும் எடுத்துவிட வேண்டாம்.